வாய்க்குள் நிற்கிற பெயர்

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது மறதி பற்றியவை மட்டும் தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. பிறஷருக்கும் முழங்கால் நோவுக்கும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் 34 வருடம் டிஸ்பென்சரி நடத்தி இளைப்பாறியிருக்கிறேன். எனக்கும் வயது 70. இந்தக் கடிதங்களில் உள்ள பயம் எனக்கு அந்நியமானதல்ல.

கேள்வி: எனக்கு 63 வயது. வங்கியில் வேலை செய்து இளைப்பாறியவள். போன மாதம் வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கையில் ஒருவர் வந்து, "அக்கா, சுகமா இருக்கிறியளோ?" என்று கையைப் பிடித்தார். பதினொரு வருடம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர். மகன் எந்த நாட்டில், கணவர் எந்த வருடம் மோசம்போனார், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கறி கொண்டுவருவார், எல்லாம் நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. 'சிவ' என்று தொடங்கும் என்பது மட்டும் தெரிந்தது. சிவகாமி, சிவபாக்கியம், சிவயோகம்... ஒன்றும் அவர் இல்லை. பத்து நிமிடம் பெயர் சொல்லாமலே கதைத்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது தானாக வந்தது. அன்றிரவு நித்திரை இல்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவ. எனக்கும் தொடங்கிவிட்டதா டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அரிசி களையும்போது அந்தப் பெயர் வந்ததே, அதை விட்டுவிடாதீர்கள். தொலைந்து போனது அப்படித் தானாக வராது. பெயர் உங்களுக்குள் இருந்தது. மார்க்கெட்டில் நின்ற அந்தப் பத்து நிமிடம் கைக்கு எட்டவில்லை.

என்னுடைய டிஸ்பென்சரியில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. இலக்கப்படி றாக்கையில் அடுக்கியிருக்கும். அந்த இலக்கத்தைச் சின்னத் துண்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுப்போம். தொடங்கிய புதிதில் அட்டைகள் கொஞ்சம்தான். துண்டு இல்லாமல் வந்தாலும் மருந்து கட்டும் தம்பி முகத்தைப் பார்த்தே எடுத்துத் தருவார். இருபது வருடம் போக, சுவர் முழுக்க அட்டை. துண்டோடு வந்தவரின் அட்டை அப்போதும் ஒரு நிமிடத்தில் மேசைக்கு வந்தது. துண்டைத் தொலைத்துவிட்டு, "தம்பி, போன தைப்பொங்கலுக்கு முதல் இருமலுக்கு வந்தனான்" என்பவருக்குத்தான் அரை மணித்தியாலம் போகும். அத்தனை வருடத்திலும் அட்டை காணாமல் போனது அபூர்வம்.

வயது போகப்போக எங்கள் நினைவுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு துப்பும் இல்லாமல் நாங்களாக நினைத்தெடுப்பது கடினமாகிறது. கண்டதும் கேட்டதும் "ஓமோம், இதுதான்" என்று அடையாளம் காண்பது அவ்வளவாகக் குறைவதில்லை. 1966இல் ஷோன்ஃபீல்ட், ராபர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 24 சொற்களைக் காட்டி இதைச் சோதித்தார்கள். நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது இருபது வயதுகளில் இருந்தவர்கள் சராசரியாக 14 சொல்லுக்குக் கிட்டச் சொன்னார்கள், 60 தாண்டியவர்கள் ஏழெட்டுச் சொல். வேறு சொற்களோடு கலந்து காட்டி, "இவற்றில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டபோது இரண்டு கூட்டத்தாருமே 20 சொல் அளவில் சரியாகக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அடையாளம் காண்பதிலும் கொஞ்சம் குறைவு தெரிந்திருக்கிறது. ஆனாலும் தானாக நினைத்தெடுப்பதில் வரும் குறைவோடு அதை ஒப்பிட முடியாது. அந்த மருந்து கட்டும் தம்பி கேட்ட துண்டைத்தான் வயதான மூளையும் கேட்கிறது.

பெயர் மட்டும் ஏன் முதலில் மாட்டிக்கொள்கிறது? ஒருவரைத் தபால்காரர் என்று சொன்னால் சைக்கிள், காக்கிப் பை, மணிச்சத்தம், நாய் குரைப்பு எல்லாம் சேர்ந்து வரும். ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடித்து இழுக்கும். தியாகராசா என்று சொன்னால் என்ன வரும்? அந்த ஒலி மட்டும்தான். ஆளுக்கும் பெயருக்கும் இடையில் ஒற்றை நூல். புழங்காத நூல் தளர்ந்துவிடும். 1991இல் டெபோரா பேர்க் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு இந்த 'வாய்க்குள் நிற்கிற' நிலை பற்றியதுதான். வயதானவர்களுக்கு அது இளையவர்களைவிட அதிகம், ஆட்களின் பெயரில் இன்னும் அதிகம், நெடுநாள் சொல்லாத பெயரில் அதைவிட அதிகம். பொருள் முழுதாக இருக்கும், ஒலிக்குப் போகும் இணைப்புத்தான் நலிந்திருக்கும் என்பது அவர்கள் விளக்கம். உங்கள் தோழியைப் பற்றிய எல்லாமே வந்து, 'சிவ' என்ற முதல் இரண்டு எழுத்தும் வந்து, மிச்சம் வராமல் நின்றது அந்த விளக்கத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அதிலும் எங்கள் ஆட்களில் 'சிவ' என்று தொடங்கும் பெயருக்கா பஞ்சம்! ஒன்றைக் கூப்பிட ஒன்பது வந்து வாசலில் நின்றால் உரியவர் எப்படி உள்ளே வருவார்?

பெயர் வரவில்லையென்றால் மல்லுக்கு நிற்காதீர்கள். 2008இல் கனடாவில் வாரினர், ஹம்ஃப்ரீஸ் என்ற இருவர் இதைப் பரிசோதித்தார்கள். வாய்க்குள் நிற்கும் சொல்லோடு சிலரை 10 விநாடியும் சிலரை 30 விநாடியும் திணறவிட்டு, பிறகு சரியான சொல்லைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, அதிக நேரம் திணறியவர்கள்தான் அதே சொல்லில் திரும்பவும் திணறினார்கள். திணறுவதையே மூளை பழகிக்கொள்கிறது. ஆகவே அடுத்த முறை, "ஐயோ, பெயர் வாய்க்குள்ள நிக்குது, வருகுதில்லை" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். சொன்னதும் நீங்களும் அந்தப் பெயரை உரக்க இரண்டு தரம் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்குப் போகும் நாளில் நான் வரக்கூடியவர்களின் பெயர்களைச் சேலை கட்டும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அண்மையில் வாயால் சொன்ன பெயர் கூப்பிட்டதும் வரும்.

வங்கியில் மூன்று மொழியிலும் வேலை பார்த்திருப்பீர்கள். எனவே இதையும் சொல்கிறேன். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு சாதாரணச் சொற்கள் வாய்க்குள் நிற்பது ஒருமொழிக்காரரைவிட அதிகம் என்று தமார் கோலன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். நேரம் பல மொழிக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு மொழிச் சொல்லும் குறைவாகப் புழங்குகிறது. மரக்கறிக்காரரிடம் பூசணிக்காய் கேட்க வாயெடுத்து, சிங்களத்தில் 'வட்டக்கா' வராமல் 'பம்ப்கின்' வந்து நின்றால் அதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

அம்மாவைப் பற்றி எழுதியது என் மனதைப் பிசைந்தது. அவவுக்கு வந்தது வேறு. பெயரை நாங்கள் எடுத்துக் கொடுத்தாலும் ஆளைப் பிடிபடாமல் போவது, நாற்பது வருடம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, கை பழகிய குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று தடுமாறுவது, காசுக் கணக்குக் குழம்புவது – இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள். பொதுவாக இதை ஆளைவிட வீட்டாரே முதலில் கவனிப்பார்கள். அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தால் மனம் ஆறும் என்றால், தாராளமாகப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதிய அந்த மார்க்கெட் சம்பவம் மட்டும் என்றால் அது வருத்தமல்ல, வயது.

கேள்வி: எனக்கு 43 வயது. 75 வயது அம்மா எங்களோடு இருக்கிறா. வெளிநாட்டில் உள்ள அக்கா சொன்னபடி, மூளைக்குப் பயிற்சி என்று ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்கிறோம். "நேற்று இரவு என்ன சாப்பிட்டீங்கள்? இண்டைக்கு என்ன கிழமை? போன ஞாயிறு ஆர் வந்தது?" முதலில் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னா. இப்போது எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறா. பின்னேரக் குளிசையையும் மறக்கிறா. ஆனால் 83 ஆடிக் கலவரத்தில் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு பின்மதில் ஏறி எந்தச் சிங்கள வீட்டுக்குள் போனா, அந்த வீட்டு ஆச்சி என்ன நிறக் கோப்பையில் எனக்குப் பால் தந்தா என்பதெல்லாம் அப்படியே சொல்லுறா. இது எப்படி?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அந்தக் கேள்விகளை இன்றைக்கே நிறுத்துங்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் சோதனை வைத்து, ஒவ்வொரு நாளும் சித்தியடையாமல் விடுகிறீர்கள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் விடை தெரியாமல் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்தாமல் என்ன செய்வா?

"நேற்று இரவு என்ன சாப்பிட்டீங்கள்?" என்பது துண்டில்லாமல் அட்டை தேடச் சொல்வது. வயதானவர்களுக்கு மிகக் கடினமான கேள்விவகை அதுதான். அதோடு, "ஞாபகத்தைச் சோதிக்கிறோம்" என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பதற்றமே நினைவைக் கட்டிப்போடும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இளையவர், முதியவர் இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். இது ஞாபகச் சோதனை என்று அழுத்திச் சொன்ன இடத்தில் முதியவர்கள் பின்தங்கினார்கள். அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டபோது வித்தியாசம் மறைந்தது.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "ராத்திரி பிட்டோ இடியப்பமோ அம்மா? சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சுது என்று சொன்னீங்களே" என்று கதையைத் தொடக்கிவிடுங்கள். உங்கள் சொல்லே அவவுக்குத் துண்டு. ஒரு பெயரில் நின்றால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, மூச்சுவிட நேரம் கொடுங்கள். அவவே சொல்லி முடிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். நினைத்தெடுத்து வெற்றி கண்டால் அந்த நினைவு உறுதிப்படும் என்பது உண்மை. லண்டவர், பியோர்க் என்ற இருவர் 1978இலேயே சொன்ன வழி ஒன்று இருக்கிறது: ஒரு விஷயத்தைச் சொல்லி உடனே கேட்பது, பிறகு சிறிது இடைவெளி விட்டு, பிறகு இன்னும் கூட்டி. ஒவ்வொரு தடவையும் விடை கட்டாயம் வரும் தூரத்திலேயே கேட்க வேண்டும். உங்கள் அக்கா சொன்ன பயிற்சியில் இந்தப் பகுதிதான் விடுபட்டிருக்கிறது.

குளிசைக்கு வருவோம். பின்னேரம் 6 மணிக்குச் செய்ய வேண்டியதை ஒரு துப்பும் இல்லாமல் தானாக நினைக்க வேண்டும் என்றால் முதியவர்கள் தடுமாறுவார்கள். வேறொன்றைக் கண்டதும் செய்ய வேண்டியது என்றால் அவ்வளவு தடுமாற மாட்டார்கள். ஐன்ஸ்டைன், மக்டானியல் என்ற உளவியலாளர்கள் 1990 தொடக்கம் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து வந்தார்கள் (இந்த ஐன்ஸ்டைன் வேறு ஆள்). உங்கள் அம்மா பின்னேரம் விளக்கு ஏற்றுவாவா? அப்படியானால் அந்த நாளின் குளிசையை மட்டும் ஒரு சின்ன டப்பியில் போட்டு, நெருப்புப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜிந்துப்பிட்டியில் இருந்து என்னிடம் வந்த ஒரு அம்மா இதே மாதிரிச் செய்தா. நெருப்புக்குச்சியை உரசுவதற்கு முதல் குளிசை வாய்க்குள் போய்விடும். அலாரம் வைத்துத் தந்த மகனைவிட அந்த நெருப்புப்பெட்டி அவவுக்கு உதவியது.

83 பற்றிக் கேட்டீர்கள். உயிர்ப்பயத்தில் பதிந்தது அழுத்தமாகப் பதியும். அதோடு இந்த நாற்பது வருடத்தில் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பா? ஒவ்வொரு தடவையும் அதே பாதையில் நடந்து நடந்து பாதை தேய்ந்து விளங்கிவிட்டது. நேற்றைய பிட்டுக்கு அப்படியென்ன அடையாளம்? முந்தாநாள் பிட்டைப் போலத்தான் அதுவும். ஆனபடியால் பழையதைச் சொல்கிறா, புதியதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து இது நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்க வேண்டாம். ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பி12 குறைவு, தைரொயிட் குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, தடிமனுக்கும் கடிக்கும் போடுகிற பழைய வகை அலர்ஜிக் குளிசை, எல்லாமே நினைவை மந்தமாக்கும். எல்லாவற்றுக்கும் ஏதாவது செய்யலாம். காதையும் பாருங்கள். என்னிடம் "அப்பா எல்லாத்தையும் மறக்கிறார்" என்று கூட்டி வந்த ஒருவரின் இரண்டு காதிலும் அடைத்திருந்த குறும்பியை எடுத்ததும் அரைவாசி மறதி போய்விட்டது. கேட்காத ஒன்றை அவர் எப்படி நினைவு வைப்பார்? தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய மறதிநோய்க் காரணிகள் 14 என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணக்கிட்டது. காது கேளாமை அதில் ஒன்று, நீரிழிவும் பிறஷரும் தனிமையும் கூட. பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகவே காட்டலாம். மறதிநோய்தான் என்று தெரியவந்தாலும் தனியாக நிற்க வேண்டாம். மருதானையில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது, பராமரிக்கும் குடும்பங்களுக்கு வழிகாட்டுவார்கள்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா? சுடோக்கு போடுவது நல்லதா?
– வாசகி, தெஹிவளை

பதில்: வல்லாரை நல்ல கீரை, ருசியும் உண்டு, சாப்பிடுங்கள். ஞாபகத்தைக் கூட்டும் என்று அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சுடோக்கு போட்டால் சுடோக்குவில் கெட்டிக்காரி ஆவீர்கள். அதைவிடக் கடற்கரை வழியே தினமும் அரை மணித்தியாலம் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நடப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: நான் இளைப்பாறிய ஆசிரியர், வயது 78. இரண்டு விஷயம். ஓட்டோவில் ஏறினால் எனக்கு 'புல்லர்ஸ் றோட்' என்றுதான் வாயில் வருகிறது. ஓட்டுகிற பெடியன் முழிக்கிறான். 'பௌத்தாலோக மாவத்தை' என்று வர அரை நிமிடம் ஆகிறது. மற்றது, கிராண்ட்பாஸ் டிராமில் நான் செய்த ஒரு குழப்படி பற்றிப் பேரனுக்குச் சொல்லத் தொடங்கினால், "அப்பப்பா, இது மூன்றாம் தரம்" என்கிறான். எனக்குச் சொன்னதாகவே நினைவில்லை. இனிப் பேசாமல் இருப்பதே மேல் போலத் தோன்றுகிறது.
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, நானும் இன்றைக்கும் 'கிரீன் பாத்' என்றுதான் சொல்கிறேன், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை பிறகுதான் வருகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் பழகியவை மற்றக் காலத்தவற்றைவிடக் கெதியாக வரும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஒரே தெருவுக்கு இரண்டு பெயர் இருக்கும்போது பழையது முந்திக்கொண்டு வந்து புதியதை மறிக்கிறது. அந்த மறிப்பைத் தள்ளிவிடும் வேகம் வயதோடு குறைகிறது. புதிய பெயர் உங்களிடம் இருக்கிறது, அரை நிமிடம் கழித்து வருகிறதே. ஏறும் முன் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். உங்கள் சொல்வளத்தைப் பாருங்கள், பேரனால் இந்தக் கடிதத்தைப் போல் ஒன்று எழுத முடியுமா? சொல்லறிவு அறுபதுகளிலும் வளர்கிறது, அதற்குப் பிறகும் நெடுங்காலம் நிற்கிறது.

மற்ற விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை. யார் எங்களுக்குச் சொன்னார் என்பதை நினைவு வைப்பது ஒன்று, நாங்கள் யாருக்குச் சொன்னோம் என்பதை நினைவு வைப்பது இன்னொன்று. 2010இல் நைஜல் கோபி, ஃபேர்கஸ் கிரெய்க், லின் ஹாஷர் ஆகியோர் இந்த இரண்டாவதைத் தனியாக ஆராய்ந்து, வயதானவர்களுக்கு அது குறிப்பாக நலிகிறது என்று காட்டினார்கள். பேசும்போது கவனம் முழுக்கக் கதையில் இருக்கும், எதிரில் இருக்கும் முகத்தில் இருக்காது. எனவே முகமும் கதையும் ஒன்றாகக் கட்டப்படுவதில்லை. தொடங்கும் முன் பேரனின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "டிராம் கதை சொன்னனானோ?" என்று கேளுங்கள். ஓம் என்றால் மிச்சத்தை அவனைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே பிழை விடுகிறான் என்று பாருங்கள், திருத்துங்கள்.

பேசாமல் இருப்பது மட்டும் வேண்டாம். கொழும்பில் டிராம் 1960இல் நின்றது. அதில் ஏறிக் குழப்படி செய்தவர்கள் இப்போது எத்தனை பேர் மிச்சம்? என்ன குழப்படி என்று கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள் ஐயா. எனக்கு நீங்கள் அதை இன்னும் ஒருதரமும் சொல்லவில்லை.